தனித்தனியாக நல்ல சத்தம்

அத்தியாயம் 11

போவன்பள்ளி மார்க்கெட் வாசலில் ஒரு தக்காளி லாரி குறுக்கே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதன் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திய ரகுநாதன் ஹெல்மெட்டுக்குள்ளேயே பெருமூச்சு விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதன் செய்கிற காரியமா இது? ரயில்வே போலீசில் கேபிள் திருடர்களைத் துரத்திய காலத்தில் தொழிலுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஓடுகிறவன் திருடன், துரத்துகிறவன் போலீஸ், குழப்பமில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மெட்டுகுடாவில் ஓர் அறை பிடித்து, 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியதிலிருந்து அவர் மாப்பிள்ளைகளைத்தான் துரத்திக்கொண்டிருந்தார். ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பெருகப் பெருக வரன்களும் பெருகின. பையன் குடிக்கிறானா, அமெரிக்காவில் இன்னொருத்தி இருக்கிறாளா, கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அலுத்துவிட்டது.

"சார், இன்னொரு தரம் ஹார்ன் அடிங்க. தக்காளி பயந்து இறங்கி வழி விட்டுடும்" என்றாள் பின் சீட்டிலிருந்த ரோகிணி.

ரோகிணி அவருடைய உதவியாளர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கால் சென்டரில் வெள்ளைக்காரர்களிடம் ஐந்து வருஷம் பணிவாகப் பேசிய கடுப்பையெல்லாம் இப்போது ரகுநாதனிடம் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடு ரோகிணி. களைப்பா இருக்கு."

"கைக்கு? எதுக்குக் களைப்பு? ரெண்டு நாளா கோட்டி பக்கம் பழைய ஆடியோ கடை ஒண்ணு விடாம விசாரிச்சாச்சு. கடைக்காரன், அவன் மச்சான், டீ குடுக்கிறவர் வரைக்கும் கேட்டாச்சு. அந்த ஸ்பீக்கரைத்தான் நாம இன்னும் கேக்கவே இல்லை."

ரகுநாதன் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். வேடிக்கைக்குச் சொன்னாளோ விவரமாகச் சொன்னாளோ, அவள் சொன்னது சரிதான். அதனால்தான் இப்போது அல்வாலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

விவகாரம் இதுதான். பாலசுப்ரமணியன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் உலோகங்களை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். உயிரைக் கேட்டால்கூட யோசித்துக் கொடுப்பார், தன் ஜப்பான் ஸ்பீக்கர் ஜோடியைத் தொட மட்டும் யாரையும் விடமாட்டார். எழுபதுகளில், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெளிநாட்டு எஞ்சினியரிடம் வாங்கியது. போன மாதம் ஓர் உறவினரின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போய்விட்டு வந்து ரெக்கார்டு போட்டால், சத்தம் உள்ளீடற்றுப்போயிருந்தது. இடது ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் மட்டும் தூசி கலைந்திருந்தது. அவர் இல்லாத நாட்களில் அந்த வீட்டுக்கு வந்துபோன ஒரே வெளியாள் மாதவ். மகள் ஹம்ஸினிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. திருச்சிக்காரன், மாதாப்பூரில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே, "மாமா, இதுக்குள்ள இருக்கற யூனிட்டுக்கு இன்டர்நெட்ல என்ன விலை தெரியுமா?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டிருந்தான்.

அவ்வளவு போதாதா? அசல் யூனிட்டைக் கழற்றி விற்றுவிட்டு டூப்ளிகேட்டை வைத்துவிட்டான் என்று பாலசுப்ரமணியன் முடிவு கட்டினார். நிச்சயதார்த்தம் நின்றுபோனது. திருட்டை நிரூபிக்க ரகுநாதனைக் கூப்பிட்டார்.

மாதவ் தங்கமான பையன் என்று மூன்று மாதம் முன்பு எழுதிக் கொடுத்தவரே ரகுநாதன்தான். அது வேறு அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

லாரி நகர்ந்தது.

அல்வால் வீட்டுக் கதவைத் திறந்தது கல்பகம் மாமி, பாலசுப்ரமணியனின் மனைவி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து அவரும் ஓய்வு பெற்றவர். ஷோகேஸில், கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் அவருக்குச் சால்வை போர்த்தும் போட்டோ இருந்தது. முகத்தில் பல நாள் தூங்காத சோர்வு. கல்யாணம் நின்றுபோன வீட்டில் அம்மாவின் முகம் வேறு எப்படி இருக்கும் என்று ரகுநாதன் நினைத்துக்கொண்டார்.

ஹாலில் ஹம்ஸினி சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகுநாதன் வரச்சொல்லியிருந்த மாதவ் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவனை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

"திருடனையும் அழைச்சிண்டு வந்திருக்கேள். பேஷ்" என்றார் பாலசுப்ரமணியன்.

"டாடி, ப்ளீஸ்!" ஹம்ஸினி இங்கிலீஷும் தெலுங்குமாக வெடித்தாள். "ஹி டிட் நத்திங். நாக்கு தெலுசு, எனக்குத் தெரியும்."

"தெலுசாம். ஒனக்கு என்ன தெலுசு?"

கல்பகம் காபி டம்ளர்களோடு வந்தார். ரோகிணிக்கு இடுப்பில் ஒரு சுற்று கூடியிருப்பதாக அவள் அண்ணி போன வாரம்தான் சொல்லியிருந்தாள். "எனக்கு சக்கரை நக்கோ மாமி, வேண்டாம்" என்றாள். மாமி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு ஸ்பூன் போட்டார். "மாமி, போதும்!" மாமி மூன்றாவதையும் போட்டுக் கலக்கிக் கையில் கொடுத்தார். ரோகிணி விதியே என்று குடித்தாள்.

ரகுநாதன் ஸ்பீக்கர்களைப் பார்த்தார். இடுப்பளவு உயரத்தில் தேக்கு நிறப் பெட்டிகள் இரண்டு. வலதுபக்கத்தது ஜன்னலோரம். இடதுபக்கத்தது சமையலறை வாசலை ஒட்டி.

"ஒரு பாட்டு போடுங்க சார்."

பாலசுப்ரமணியன் ஒரு கச்சேரி ரெக்கார்டை, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்து வைத்தார். வாய்ப்பாட்டு கேட்டது. ஆனால் பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியவில்லை. சுவரெல்லாம் பாடுகிற மாதிரி இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக் என்றது. இடது கைப் பக்கமான தொப்பியின் கும்காரத்தைக் காணோம்.

"கேக்கறேளா? வித்வான் ஒத்தைக் கையால வாசிக்கறார். இன்னொரு கையை இவன் வித்துட்டான்."

மாதவின் முகம் சிவந்தது. "சார், நான் அதைத் தொடக்கூட இல்ல. ஹம்ஸினி பாட்டு போட்டா. நான் சோபால உக்காந்து கேட்டேன். அவ்ளோதான்."

"ரோகிணி, ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ்னு ஒரு குமிழ் இருக்கும். முழுசா வலது பக்கம் திருப்பு."

அவள் திருப்பினாள். ஜன்னலோர ஸ்பீக்கர் மட்டும் பாடியது. கொஞ்சம் சன்னமாக, ஆனால் தொப்பி கும்மென்று வந்துவிட்டது.

"இப்ப இடது பக்கம்."

திருட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. அதிலும் தொப்பி கும் கும் என்றது. குறையே இல்லை. அது கேட்டதும் கல்பகம் சமையலறை வாசலை விட்டு விலகி ஹாலின் மறுகோடிக்குப் போய் நின்றார்.

"நடுவுல வை."

நடுவுக்கு வந்ததும் வித்வானின் கை மறுபடி காணாமல்போனது.

"தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்லா இருக்கு, சேர்ந்தா சரியில்ல" என்றாள் ரோகிணி. "நாம விசாரிச்ச பாதி குடும்பம் இப்படித்தான் சார்."

ஆயாசத்தை மீறி ரகுநாதனுக்குச் சிரிப்பு வந்தது. பாலசுப்ரமணியனைப் பார்த்துச் சொன்னார்: "மட்டமான யூனிட்டை உள்ள வெச்சிருந்தா அது தனியா பாடும்போதும் மட்டமாத்தான் பாடும். இது தனியா அருமையா பாடுது. உள்ள இருக்கிறது உங்க அசல்தான் சார். எதுவும் திருட்டுப்போகலை."

பாலசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அப்படின்னா தொப்பி எங்க போச்சு?"

ரகுநாதன் முட்டி நோக மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் இரண்டு திருகாணிகள். மேலே தகரத்தில் குட்டியாக ப்ளஸ், மைனஸ் அச்சு. வலது ஸ்பீக்கரில் சிவப்பு ஒயர் ப்ளஸ்ஸிலும் கருப்பு ஒயர் மைனஸிலும் இருந்தன. செம்புக்கம்பி சிலும்பிக்கொண்டு, பழுப்பேறிக் கிடந்தது. இடது ஸ்பீக்கரில் கருப்பு ஒயர் ப்ளஸ்ஸில் இருந்தது, சிவப்பு மைனஸில்.

"ஒயர் மாறிடுச்சு. அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. கனமான சத்தமெல்லாம் ரெண்டுக்கும் நடுவுல அடிபட்டுப் போயிடுது."

திருகாணிகளைத் தளர்த்தி ஒயர்களை மாற்றி மாட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வித்வானுக்கு இரண்டாவது கை திரும்ப வந்தது. பாடகர் நடு ஹாலில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். பாலசுப்ரமணியனின் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷம் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நிமிஷம்தான். ரெக்கார்டை நிறுத்திவிட்டு அவர் மாதவ் பக்கம் திரும்பினார். "திருடலை, சரி. கழட்டத் தொடங்கியிருக்கே, யாரோ வர்ற சத்தம் கேட்டு அவசரத்துல மாத்தி மாட்டிட்டே. திருடாட்டா எதுக்குடா அதுல கை வெச்சே? கை வெச்சவன் யார்னு தெரியாம இந்தாத்துல எந்த நிச்சயதார்த்தமும் நடக்காது."

ரகுநாதனுக்குச் சலிப்பு தலைக்கேறியது. பாதிக் கிணறு தாண்டியும் பயனில்லை. மறுபடி ஒயர்களைக் கழற்றி, "மாதவ், இதை மாட்டுப்பா" என்றார்.

மாதவ் குனிந்தான். செல்போன் வெளிச்சத்தில் ப்ளஸ்ஸைத் தேடினான். "ரெட்டுதானே சார் ப்ளஸ்?" என்று கேட்டுக்கொண்டே கம்பியைத் திருகாணியைச் சுற்றி எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். திருகத் திருகக் கம்பி பிதுங்கி வெளியே வந்தது.

"சாஃப்ட்வேர்" என்றாள் ரோகிணி, அனுதாபத்தோடு.

ரகுநாதன் முதலில் கழற்றியபோதே ஒன்றைக் கவனித்திருந்தார். இடது ஸ்பீக்கரில் இருந்த கம்பி முனைகள் ஒரு இழைகூடப் பிரியாமல் முறுக்கி, திருகாணி இறுகுகிற திசையில் கண்ணி போட்டு மாட்டப்பட்டிருந்தன. அவசரத்தில் செய்த வேலை இல்லை அது. பழகின கை. அந்தப் பழகின கை ஏன் கருப்பைக் கொண்டுபோய் ப்ளஸ்ஸில் மாட்டியது?

கேபிள் திருட்டு வழக்குகளில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்ன லைன்காரர்கள் அவருக்கு ஞாபகம் வந்தார்கள். வீட்டு ரேடியோவில் மைனஸ் என்பதுதான் கருப்பு. டெலிபோன் லைனில் கதையே வேறு. அங்கே பாட்டரியின் ப்ளஸ்ஸைத்தான் பூமியோடு கட்டியிருப்பார்கள்; பூமி ஒயர் கருப்பு.

அவர் மெல்லத் தலையைத் திருப்பி ஷோகேஸிலிருந்த சால்வை போட்டோவைப் பார்த்தார்.

"சார், இன்னும் ஒரு ரெக்கார்டு வேணும். மிருதங்கம் தனி ஆவர்த்தனம் இருக்கிறது எதாவது. நீங்களே பார்த்து எடுங்க."

பாலசுப்ரமணியன் உள்ளறைக்குப் போனார். அவர் ரெக்கார்டு தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு கல்யாணமே முடிந்துவிடும் என்று ரகுநாதனுக்குத் தெரியும். ரோகிணியைப் பார்த்துப் புருவத்தை அசைத்தார். அவள் எழுந்தாள். "வாங்க ரெண்டு பேரும். வாசல்ல காத்து நல்லா வருது. சண்டையும் போட்டுக்கலாம்."

ஹாலில் கல்பகமும் அவரும் மட்டும்.

"மாமி, எனக்குக் குனிஞ்சா முதுகு பிடிச்சுக்குது. இந்த ரெண்டு ஒயரை மாட்டிடறீங்களா?" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

"அதுக்கென்ன" என்று கல்பகம் புடவையை ஒதுக்கி உட்கார்ந்தார். விரல்கள் கண்ணுக்குக் காத்திருக்கவில்லை. கம்பியை ஒரு முறுக்கு, ஒரு கண்ணி, திருகாணி. கருப்பு ப்ளஸ்ஸுக்குப் போனது, சிவப்பு மைனஸுக்கு. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கருப்பை ப்ளஸ்ல போட்டிருக்கீங்க" என்றார் ரகுநாதன்.

"ஆமா. கருப்பு எர்த்து. எர்த்துதானே ப்ளஸ்? டெஸ்ட் டெஸ்க்ல..."

நிறுத்திவிட்டார். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரை.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"கெடுக்கலை. உங்க ஆபீஸ் வழக்கப்படி சரியா மாட்டினீங்க. எதுக்குக் கழட்டினீங்க மாமி?"

கல்பகம் சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். "அவர் ஊர்ல இல்லாதப்போ ஹம்ஸினி சினிமாப் பாட்டு போட்டா. அடுப்படி வாசல்ல இருக்கே அது, தொம் தொம்னு இடிச்சா என் இடது காதுக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. வேலைல இருந்த காலமெல்லாம் அந்தக் காதுலதான் ஹெட்போன் மாட்டிண்டு லைன் டெஸ்ட் பண்ணினேன். ரிப்பேரான லைன்ல திடீர்னு வெடிக்கும் பாருங்கோ, உயிரே போயிடும். இப்போ அந்தக் காதுல பேச்சு கேக்கறதில்ல. ராத்திரி பகல் ஓயாம ஒரு விசில் மட்டும் கேக்கும். தூங்கவே விடாது. டாக்டர் மிஷின் வெச்சுக்கோங்கோன்னார்."

"சத்தத்தைக் குறைன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? கூடத்துல மாப்பிள்ளை உக்காந்திண்டிருக்கான். அம்மாவுக்குக் காது செவிடுன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு அவாத்துல சொல்ல மாட்டாளா? விசாரிக்க உங்களை மாதிரி ஆளை அனுப்ப மாட்டாளா? கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தேன். அவா ரெண்டு பேரும் டிபன் சாப்பிடறப்போ பின்னாடி போய்க் கழட்டி விட்டேன். இவர் ஊர்லேந்து வர்றதுக்கு முன்னாடி மாட்டிட்டேன். சரியா மாட்டினதாத்தான் நினைச்சேன். இவர் அந்தப் பிள்ளையைத் திருடன்னதும் எனக்கு ஒண்ணுமே புரியல. கழட்டினேன்னு சொன்னா ஏன்னு கேப்பார். உங்களைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். நீங்க கடை கடையா தேடி ஒண்ணும் ஆப்படலேன்னு சொல்லிட்டா அவன் தப்பிச்சுடுவான்னு நினைச்சேன்."

மாமி சொன்னதில் பொய்யே இல்லை. இந்த மாதிரி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் பையன் வீட்டார் துப்பறிகிறவர்களைத் தேடி வருகிறார்கள். பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று மூடி வைத்த அந்த ஒன்றுதான் கல்யாணத்தை நிறுத்தியிருந்தது.

"நான் வேற ஏதாவது சொல்லி ஒப்பேத்திடறேன் மாமி. எலி கடிச்சுதுன்னு சொல்றேன். வேலைக்காரி துடைக்கும்போது..."

"வேண்டாம். அப்புறம் அவளைத் திருடிம்பார்." கல்பகம் எழுந்து வாசல்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹம்ஸினி! ரெண்டு பேரும் உள்ள வாங்கோ."

அவர்கள் வந்தார்கள். உள்ளறையிலிருந்து பாலசுப்ரமணியனும் ரெக்கார்டோடு வந்தார். கல்பகம் மாதவைப் பார்த்துத்தான் பேசினார். ரகுநாதனிடம் சொன்னதை அப்படியே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். கடைசியில், "எனக்காக நீ திருடன் பட்டம் சுமந்துட்டே. ஆத்துல அப்பா அம்மாகிட்ட என் காது விஷயத்தைச் சொல்லிடு. அப்புறம் வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லிடுங்கோ. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

"அம்மா..." ஹம்ஸினிக்கு எந்த மொழியும் வரவில்லை.

மாதவ் ஓர் அடி முன்னால் வந்தான். "சொல்றேன் மாமி. எங்கம்மா நாலு நாள் முனகுவா, அதுவும் நிஜம்தான். ஆனா கல்யாணம் பண்ணிக்கப்போறது நான். அதை நான் பாத்துக்கறேன்."

ரோகிணி ஒரு நாற்காலியை இழுத்து மாதவுக்குப் போட்டாள்.

பாலசுப்ரமணியன் சமையலறை வாசலருகே நின்றிருந்தார். ரெக்கார்டை ஸ்பீக்கர் மேலேயே வைத்துவிட்டார். "மாதவ், மன்னிச்சுக்கோப்பா. பெரியவன் மாதிரி நடந்துக்கல நான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. பிறகு மனைவியைப் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி, கல்பகம்?"

கல்பகம் மகளின் கையைப் பிடித்தபடி மாதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்பகம், உன்னைத்தான் கேக்கறேன்."

பதில் இல்லை. கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள், அவ்வளவு அழுத்தம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் மனைவியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற மனிதர் அவர். இப்போது தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். மனைவியின் இடது பக்கம். முகம் வெளுத்தது. சோபாவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து, மனைவியின் வலது பக்கத்தில் நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

கல்பகம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"சொன்னேனே. ரெண்டு மூணு தடவை சொன்னேன். நீங்க பாட்டு கேட்டுண்டிருந்தேள்."